டிஷ்ஷில் சிக்னல் போனால் முதலில் மணியைப் பாருங்கள்

திரையில் "சிக்னல் இல்லை" என்று வந்ததும் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். ஒருவர் மொட்டை மாடிக்கு ஏறி டிஷ்ஷை அசைப்பார்; இன்னொருவர் கீழே நின்று "வந்துச்சு, போச்சு" என்று குரல் கொடுப்பார். சரியாக நின்றிருந்த டிஷ்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எந்த மணிக்குப் போகிறது? எல்லாச் சேனலும் போகிறதா, சிலது மட்டுமா? அதே செயற்கைக்கோளைப் பார்க்கும் பக்கத்து வீட்டு டிஷ்ஷிலும் போகிறதா? கோளாறு வானத்தில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா, மாடியில் இருக்கிறதா, கேபிளில் இருக்கிறதா என்பதை இந்த மூன்றுமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

"சாட்டிலைட் நகர்ந்திருக்குமோ" என்ற சந்தேகத்தை முதலிலேயே கழித்துவிடலாம். டிடிஎச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், நொடிக்கு 3.07 கி.மீ. வேகத்தில் சுற்றுகின்றன. அந்த உயரத்தில் ஒரு சுற்று முடிய 23 மணி 56 நிமிடம் 4 நொடி ஆகும். பூமி தன்னைத் தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளும் நேரமும் அதேதான். அதனால் அவை நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிகின்றன. சும்மா விட்டால் நிற்காது என்பதும் உண்மை. சூரியனும் நிலவும் அதன் பாதையை ஆண்டுக்குச் சுமார் 0.85 டிகிரி சாய்த்துவிடும். பூமியின் இடுப்பு முழு வட்டமாக இல்லாததால் கிழக்கு மேற்காகவும் மெல்ல இழுபடும். இந்தியச் செயற்கைக்கோள்களைக் கர்நாடகத்தின் ஹாசனிலும் மத்தியப் பிரதேசத்தின் போபாலிலும் உள்ள கட்டுப்பாட்டு நிலையங்கள் கவனிக்கின்றன. அங்கிருந்து வரும் கட்டளைப்படி, செயற்கைக்கோளின் சிறு உந்துபொறிகள் அவ்வப்போது எரிந்து அதைத் தன் இடத்துக்குத் திருப்பும். வழக்கமான வரம்பு கூட்டியும் குறைத்தும் 0.1 டிகிரி. அந்த உயரத்தில் அது ஏறக்குறைய 74 கி.மீ. உங்கள் 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலமோ சுமார் 3 டிகிரி. செயற்கைக்கோள் தன் வரம்புக்குள் எங்கே இருந்தாலும் உங்கள் டிஷ்ஷுக்கு வித்தியாசம் தெரியாது. நேற்றுவரை படம் வந்த டிஷ்ஷில் இன்று வரவில்லை என்றால், டிஷ் அசைந்திருக்கலாம், ஈரம் புகுந்திருக்கலாம், மின்சாரம் குறைந்திருக்கலாம். செயற்கைக்கோள் அசைந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

மழையில் போகிறது, மழை விட்டதும் வருகிறது

பெருமழையில் பத்து நிமிடம் போவது கோளாறு அல்ல. டிடிஎச் வரும் கேயூ-பேண்ட் சிக்னலின் அலைநீளம் ஏறக்குறைய 2.6 செ.மீ. சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளிகள் அந்த அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். கேபிள் ஆபரேட்டர்கள் வைத்திருக்கும் பெரிய சி-பேண்ட் டிஷ்ஷில் அலைநீளம் 7.5 செ.மீ. அளவுக்கு நீண்டிருப்பதால் அதே மழையில் அது தாக்குப்பிடிக்கும்.

தூறலுக்கே போனால்தான் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் செயற்கைக்கோள்கள் உச்சிக்கு அருகில் இருக்கின்றன. சிக்னல் மழைக்குள் கடக்கும் தூரம் இங்கே குறைவு. 5 கி.மீ. உயரம்வரை மழை என்று வைத்துக்கொண்டால், 68 டிகிரி ஏற்றத்தில் (தொடுவானிலிருந்து மேல்நோக்கிய கோணத்தில்) சிக்னல் மழையினூடே வருவது சுமார் 5.4 கி.மீ. ஏற்றம் 30 டிகிரியாக உள்ள நாட்டில் அது 10 கி.மீ. இவ்வளவு சாதகம் இருந்தும் தூறலில் போகிறது என்றால் டிஷ் ஏற்கெனவே சற்று விலகி நிற்கிறது என்று பொருள். 3 டிகிரி பார்வை கொண்ட டிஷ் 1 டிகிரி தொய்ந்தால் 1.3 டெசிபெல் இழப்பு, 1.5 டிகிரி தொய்ந்தால் 3 டெசிபெல், அதாவது சிக்னலில் பாதி. வெயில் நாளில் இது தெரியாது. மழைக்கென்று இருந்த கையிருப்பு மட்டும் காலியாகியிருக்கும். வெயில் நாளிலேயே பாக்ஸின் சிக்னல் திரையில் காட்டும் குவாலிட்டி அளவைக் குறித்து வையுங்கள். டிஷ் பொருத்தியபோது இருந்ததைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால், கீழே சொல்லும் முறையில் திருத்துங்கள்.

மழை விட்டு அரைமணி ஆகியும் வரவில்லை

இது தண்ணீர். இருக்கக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது, எல்என்பியின் (டிஷ்ஷின் முன்னே கையில் நின்று சிக்னலை வாங்கிப் பெருக்கும் கருவியின்) முகப்பு மூடி. வெயிலில் நொறுங்கியோ காக்கை கொத்தியோ விரிசல் விழுந்தால் உள்ளே நீர் நிற்கும். சில சமயம் குளவிக்கூடும் இருக்கும். மூடி உடைந்த எல்என்பியைக் காயவைத்துப் பயன்படுத்துவதைவிட மாற்றுவதே மேல். உள்ளே ஏறிய துரு மறுபடி மறுபடி தொல்லை தரும்.

இரண்டாவது, எல்என்பியில் கேபிள் சேரும் எஃப் கனெக்டர். செட்டாப் பாக்ஸின் பிளக்கைக் கழற்றிவிட்டு இதைத் தொடுங்கள். கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். ஷார்ட் ஆனால் பாக்ஸ் போகலாம். கனெக்டரைக் கழற்றியதும் நடுக்கம்பி பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால், பளபளப்பான கம்பி தெரியும்வரை 15–20 செ.மீ. வெட்டி எறியுங்கள். நடுக்கம்பியைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலுக்குள் நீர் தந்துகிபோல ஏறும் என்பதால் நுனியை மட்டும் சுரண்டிப் பயனில்லை. புதுக் கனெக்டர் போடும்போது நடுக்கம்பி கனெக்டரின் வாயைவிட 2–3 மி.மீ. வெளியே இருக்கட்டும். பின்னலின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. மேலே ரப்பர் உறை போட்டு, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். மேலிருந்து கீழே சுற்றினால் அடுக்குகளின் விளிம்பு மேல்நோக்கி நின்று நீரை உள்ளே வாங்கும்.

மூன்றாவது, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடம். நுழைவதற்கு முன் கேபிள் ஒருமுறை தாழ்ந்து வளைந்து பிறகு மேலேற வேண்டும். அந்த வளைவின் அடியில் நீர் சொட்டிவிடும். இல்லையென்றால் கேபிள் வழியே ஓடி நேராகப் பாக்ஸுக்கு வரும்.

ஸ்ட்ரெங்த் 70, 80 காட்டுகிறது, குவாலிட்டி பூஜ்யம்

பலரைக் குழப்புவது இதுதான். ஸ்ட்ரெங்த் என்பது கேபிள் வழியே வரும் மொத்த ஆற்றல். எல்என்பி தன் சொந்த இரைச்சலையும் 50 டெசிபெல்லுக்கு மேல் பெருக்கி அனுப்பும் என்பதால், டிஷ் வெறும் வானத்தைப் பார்த்தாலும் ஸ்ட்ரெங்த் ஏறும். குவாலிட்டி என்பது அந்த ஆற்றலில் பாக்ஸ் தேடும் சிக்னல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்ற கணக்கு. ஸ்ட்ரெங்த் இருந்து குவாலிட்டி இல்லை என்றால் எல்என்பியும் கேபிளும் உயிரோடு இருக்கின்றன. டிஷ் வேறெங்கோ பார்க்கிறது, அல்லது பாக்ஸில் அமைப்பு தவறு.

அமைப்பை முதலில் பாருங்கள். அதற்கு மாடி ஏறத் தேவையில்லை. கேயூ-பேண்டில் பரவலாக உள்ள யுனிவர்சல் எல்என்பிக்கு உள்ளலை (வானிலிருந்து வரும் அலைவரிசையிலிருந்து எல்என்பி கழிக்கும் எண்) 9750 மற்றும் 10600 மெகாஹெர்ட்ஸ். 11,500 மெகாஹெர்ட்ஸில் வரும் டிரான்ஸ்பாண்டர் (பல சேனல்களைச் சேர்த்து அனுப்பும் செயற்கைக்கோளின் ஒரு அலைவரிசைத் தடம்), 9750ஐக் கழித்து 1750ஆகக் கேபிளில் இறங்கும். பாக்ஸில் 10600 மட்டும் என்று பதிவாகியிருந்தால் அது 900இல் தேடும். கேபிளில் வரும் சிக்னலின் எல்லையோ 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. எவ்வளவு திருப்பினாலும் கிடைக்காது. சி-பேண்ட் எல்என்பி என்றால் அந்த எண் 5150.

அமைப்பு சரி என்றால் திசை. சென்னையிலிருந்து பார்க்கும்போது (திசை என்பது வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில், ஏற்றம் என்பது தொடுவானிலிருந்து):

83 டிகிரி கிழக்கு (டாடா பிளேயின் ஜிசாட்-24): திசை 168, ஏற்றம் 74.
88 டிகிரி கிழக்கு (டி2எச்): திசை 149, ஏற்றம் 72.
93.5 டிகிரி கிழக்கு (டிடி ஃப்ரீ டிஷ்ஷின் ஜிசாட்-15): திசை 134, ஏற்றம் 68.
108.2 டிகிரி கிழக்கு (ஏர்டெல்): திசை 113, ஏற்றம் 54.

மதுரையில் 83க்குத் திசை 154, ஏற்றம் 77, 93.5க்குத் திசை 122, ஏற்றம் 69. இடையிலுள்ள ஊர்களுக்கு இவற்றுக்கு இடைப்பட்ட எண்களை வைத்துத் தொடங்கலாம். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். காம்பஸ் காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரும்புக் கம்பத்தின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டாம். இரண்டு மீட்டர் தள்ளி நின்று திசையைக் குறித்து, தொலைவில் ஒரு கட்டடத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ அடையாளமாக்கிக்கொள்ளுங்கள்.

இனி, வடக்கே உள்ள நாடுகளுக்கென எழுதப்பட்ட வழிகாட்டிகளில் பெரும்பாலும் இல்லாத ஒரு விஷயம். நம் ஊரில் செயற்கைக்கோள் உச்சிக்கு அருகில் இருப்பதால், கம்பத்தைச் சுற்றிக் கிடைமட்டமாகத் திருப்புவது பார்வையை மிகக் குறைவாகவே நகர்த்தும். 68 டிகிரி ஏற்றத்தில் நீங்கள் 1 டிகிரி திருப்பினால் பார்வை வானில் 0.37 டிகிரிதான் நகரும். ஏற்றத்தில் 1 டிகிரி மாற்றினாலோ முழு 1 டிகிரி நகரும். ஆகவே சென்னையில் ஏற்றத் திருகு நுட்பமானது, திசைத் திருகு தாராளமானது. ஏற்றம் ஒன்றரை டிகிரி தப்பாக இருந்தால், கிடைமட்டத்தில் எத்தனை முறை சுற்றினாலும் சிக்னல் தட்டாது, அல்லது தட்டியும் நிற்காது. டிஷ்ஷை இடம் வலமாக மட்டுமே ஆட்டிவிட்டுக் கைவிடுவோர் தோற்பது இங்கேதான்.

கம்பம் முதலில். ரசமட்டத்தை ஒரு பக்கமும் அதற்குச் செங்குத்தான பக்கமும் வைத்து நேராக நிறுத்துங்கள். கம்பம் 2 டிகிரி சாய்ந்திருந்தால், டிஷ்ஷைத் திருப்பும்போதெல்லாம் ஏற்றமும் சேர்ந்து மாறும். அளவுகோலில் வைத்த எண்ணுக்குப் பொருளில்லாமல் போகும். அடுத்து ஏற்ற அளவுகோலில் எண்ணை வையுங்கள். டிஷ்ஷின் முகம் அவ்வளவு மேல்நோக்கி இல்லையே என்று திகைக்க வேண்டாம். எல்என்பி கீழே தள்ளி நிற்கும் இந்த வகை டிஷ் தன் முகத்தைவிட 22–25 டிகிரி மேலே பார்க்கும்; அளவுகோலில் அதைக் கணக்கிட்டே குறி போட்டிருப்பார்கள்.

பிறகு திசை போல்ட்டைக் கைவிசையில் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, ஒரு டிகிரி திருப்பி, நான்கைந்து நொடி காத்திருங்கள். டிஜிட்டல் பாக்ஸ் சிக்னலைப் பூட்டிக்கொள்ள அவ்வளவு நேரம் தேவை. 50 மி.மீ. கம்பத்தில் ஒரு டிகிரி என்பது வெறும் 0.44 மி.மீ.; கம்பத்திலும் பிடியிலும் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். 15 டிகிரி இடமும் வலமும் தேடியும் இல்லையென்றால் ஏற்றத்தை 1 டிகிரி மாற்றி மறுபடி. குவாலிட்டி வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். இடப்புறம் எங்கே விழுகிறது, வலப்புறம் எங்கே விழுகிறது என்று இரண்டையும் குறித்து நடுவில் வையுங்கள். ஏற்றத்துக்கும் அப்படியே. போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கம் முழுவதும் முறுக்கினால் கடைசிச் சுற்றில் டிஷ் இழுபட்டு, பார்த்துப் பார்த்து வைத்த ஏற்றம் போய்விடும்.

குவாலிட்டி நன்றாக வந்தும் உங்கள் சேனல்கள் இல்லை என்றால் பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்திருக்கிறீர்கள். 91.5, 93.5, 95 டிகிரி என்று அவை நெருக்கமாக நிற்கின்றன. 91.5க்கும் 93.5க்கும் சுற்றுப்பாதையில் இடைவெளி 2 டிகிரிதான். ஆனால் சென்னையில் கம்பத்தின் மேல் அது 5 டிகிரித் திருப்பமும் ஒன்றரை டிகிரி ஏற்ற மாற்றமும் ஆகும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று இதிலிருந்து கணக்கிடலாம்: இன்னும் கிழக்கே உள்ள செயற்கைக்கோளுக்கு, கிழக்கே திருப்பி ஏற்றத்தைக் குறையுங்கள்.

மரமோ கட்டடமோ மறைக்கிறதா என்பதும் கணக்குத்தான். ஏற்றம் 68 டிகிரி என்றால், டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயரமான தடை 4 மீட்டருக்குள் இருந்தால் மட்டுமே மறைக்கும். 108.2க்குப் பார்க்கும் டிஷ்ஷில் அது 7 மீட்டர். தென்னை வளர்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் விலகியிருந்த மட்டை இன்று குறுக்கே இருக்கலாம்; நனைந்த மட்டை காய்ந்ததைவிட அதிகம் விழுங்கும்.

பாதிச் சேனல்கள் வருகின்றன, பாதி இல்லை

இதில் டிஷ்ஷைத் திருப்புவதில் பயனே இல்லை. ஒரே அலைவரிசையில் இரண்டு மடங்கு சேனல் அனுப்ப, செயற்கைக்கோள் சிக்னலை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களில் அனுப்புகிறது: செங்குத்து, கிடை. பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் எல்என்பி செங்குத்தை எடுக்கும். 18 வோல்ட் என்றால் கிடை. போன சேனல்கள் எல்லாம் ஒரே தளத்தைச் சேர்ந்தவையா என்று பாக்ஸின் டிரான்ஸ்பாண்டர் பட்டியலில் பாருங்கள்.

கிடை மட்டும் போயிருந்தால் 18 வோல்ட் மேலே போய்ச் சேரவில்லை. எல்என்பி முனையில் கேபிளைக் கழற்றி, நடுக்கம்பிக்கும் உறைக்கும் இடையே மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். ஆனால் சுமையில்லாமல் அளந்தால் 18 காட்டி ஏமாற்றும். எல்என்பி 100–200 மில்லிஆம்பியர் இழுக்கும்போதுதான் மின்னழுத்தம் விழும். இரும்புக் கம்பிக்குச் செப்பு முலாம் பூசிய மலிவு ஆர்ஜி-6 கேபிளில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 2 வோல்ட் குறையலாம். நடுவில் துருப்பிடித்த ஓர் இணைப்பு இருந்தால் இன்னும் அதிகம். எல்என்பிக்கு வருவது 15 வோல்ட்டை ஒட்டிக் குறைந்தால், அது 13 என்றே எடுத்துக்கொண்டு செங்குத்தில் நின்றுவிடும். ஒரு குட்டிக் கேபிளால் பாக்ஸை மாடிக்கே கொண்டுபோய் நேராக இணைத்துப் பாருங்கள். அங்கே எல்லாம் வந்தால் குற்றவாளி கேபிள்.

இரண்டு தளத்திலும் சேனல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகின்றன, கட்டம் கட்டமாக உடைகின்றன என்றால் எல்என்பியின் சுழற்சிக் கோணம். டெக்னீஷியன்கள் ஸ்க்யூ என்பார்கள். நாமிருக்கும் இடத்துக்கு நேர் தெற்கே உள்ள செயற்கைக்கோளுக்கு மட்டும்தான் செங்குத்து உண்மையிலேயே செங்குத்தாக வரும். கிழக்கே தள்ளியுள்ளதற்கு அது சாய்ந்து வரும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கச் சாய்வு கூடும். 93.5 டிகிரிச் செயற்கைக்கோளுக்கு இந்தச் சாய்வு டெல்லியில் 27 டிகிரி, சென்னையில் 45, மதுரையில் 57, கொழும்பில் 63. டெல்லிக்கென்று சொன்ன எண்ணில் மதுரையில் எல்என்பியை வைத்தால் 30 டிகிரி பிழை. சென்னையில் சுழற்றாமல் நேராக வைத்தாலோ இரண்டு தளமும் சரிபாதியாகக் கலந்துவிடும். இதைவிட மோசமான நிலை கிடையாது. 83க்குச் சென்னையில் 12 டிகிரி, மதுரையில் 26. சென்னையில் 88க்கு 30, 108.2க்கு 64.

பிழை 5 டிகிரி என்றால் வேண்டாத தளத்தின் சிக்னல் 21 டெசிபெல் கீழே இருக்கும், தொல்லை இல்லை. 10 டிகிரியில் 15 டெசிபெல். 20 டிகிரியில் 9 டெசிபெல்தான் இடைவெளி. சேனல்கள் உடையத் தொடங்குவது இந்த எல்லையில். டிஷ்ஷின் பின்னால் நின்று செயற்கைக்கோளை நோக்கிப் பார்த்தால், கிழக்கேயுள்ள செயற்கைக்கோளுக்கு எல்என்பியைக் கடிகாரச் சுற்றுக்கு எதிராகச் சுழற்ற வேண்டும். முன்னால் நின்று எல்என்பியைப் பார்த்தபடி செய்தால் கடிகாரச் சுற்று. கணக்கிட்ட எண்ணில் தொடங்கி, மிகப் பலவீனமான சேனலின் குவாலிட்டியைப் பார்த்தபடி இரண்டிரண்டு டிகிரியாக நகர்த்தி உச்சத்தில் நிறுத்துங்கள். பலமான சேனலில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மார்ச்சிலும் செப்டம்பரிலும் நண்பகலை ஒட்டிச் சில நிமிடம்

டிஷ்ஷைத் தொடாதீர்கள். சூரியன் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. பல ஆயிரம் கெல்வின் வெப்பமுள்ள அந்த வட்டு எல்லா அலைவரிசையிலும் இரைச்சல் போடுகிறது, 36,000 கி.மீ. தாண்டி வரும் மெல்லிய சிக்னல் அதில் மூழ்கிவிடும். வடகோளத்தில் இது மார்ச் சமஇரவு நாளுக்கு முன்னும் செப்டம்பர் சமஇரவு நாளுக்குப் பின்னும் வரும். சென்னையில் உச்சநாள் மார்ச் 15ஐயும் செப்டம்பர் 28ஐயும் ஒட்டி. கன்னியாகுமரியில் மார்ச்சில் இரண்டு நாள் பின்னதாக, செப்டம்பரில் இரண்டு நாள் முன்னதாக. சென்னையில் 93.5க்கு மார்ச்சில் காலை 11.15, செப்டம்பரில் 11.00 அளவில் நடக்கும். 83க்கு மார்ச்சில் 12.05, செப்டம்பரில் 11.47. நான்கைந்து நாள் முதல் ஒரு வாரம்வரை தினமும் ஏறக்குறைய அதே நேரம், சில நிமிடங்கள். சிறிய டிஷ்ஷின் அகன்ற பார்வையில் சூரியன் ஒரு சிறு பகுதியை மட்டுமே நிரப்பும் என்பதால் அங்கே குவாலிட்டி இறங்குவதோடு நின்றுவிடலாம். பெரிய டிஷ்ஷில் முழுதாகவே போகும்.

இந்த நாட்கள் ஒரு நல்ல வாய்ப்பும்கூட. அந்த நிமிடத்தில் சூரியன் இருக்கும் இடமே செயற்கைக்கோள் இருக்கும் இடம். மாடிக்குப் போய் டிஷ்ஷின் முகத்தைப் பாருங்கள். மட்டையின் நிழலோ தொட்டியின் நிழலோ அதன்மேல் விழுந்தால், அந்தப் பொருள் ஆண்டு முழுவதும் உங்கள் சிக்னலை மறைத்துக்கொண்டிருக்கிறது. டிஷ்ஷைப் பார்க்கலாம், சூரியனை வெறும் கண்ணால் பார்க்க வேண்டாம்.

கோடையில் மதியம் முழுக்க இல்லை, சாயங்காலம் வந்துவிடுகிறது

சில நிமிடமல்ல, மணிக்கணக்கு என்றால் சூரியன் குறுக்கே வருவது காரணமில்லை, வெப்பம். எல்என்பிக்குள் உள்ள அலையாக்கி சூடேறினால் ஓரிரு மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். அகலமான டிரான்ஸ்பாண்டர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளும். குறுகலானவை முதலில் போகும். ஈரத்துணியை எல்என்பியின் உடல்மேல் (முகப்பின்மேல் அல்ல) சுற்றிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் சேனல் திரும்பினால் எல்என்பியை மாற்றுங்கள். திரும்பாவிட்டால் வெயிலில் விரிந்து தளரும் கனெக்டரைத் தேடுங்கள்.

ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முன்னதாகவே போகிறது

இது அரிது, பெரும்பாலும் பெரிய சி-பேண்ட் டிஷ்ஷில் பழைய செயற்கைக்கோளைப் பார்ப்போருக்கு வரும். அறிகுறி ஐயத்துக்கு இடமில்லாதது: நாளுக்கு இருமுறை நன்றாக வரும், இருமுறை போகும், அந்த நேரம் நாளுக்கு 4 நிமிடம், மாதத்துக்கு 2 மணி நேரம் முன்னால் நகரும். 23 மணி 56 நிமிடச் சுற்றின் கையெழுத்து அது. மழைக்கோ மின்சாரத்துக்கோ இப்படி ஒரு கணக்கு தெரியாது.

எரிபொருளில் பெரும்பங்கைத் தின்பது வடக்கு தெற்குத் திருத்தம்தான். ஆண்டுக்கு நொடிக்கு 50 மீட்டரை நெருங்கிய வேகமாற்றம் அதற்குத் தேவை. கிழக்கு மேற்குக்கு நொடிக்கு 2 மீட்டர் போதும். ஆயுளை நீட்டிக்க வேண்டிய செயற்கைக்கோளில் முதலாவதை விட்டுவிடுவார்கள். பாதை 2 டிகிரி சாய்ந்ததும் அது வானில் வடக்கு தெற்காக 8 வடிவில் ஆடத் தொடங்கும். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 1,470 கி.மீ. நிலையான 2.4 மீட்டர் டிஷ்ஷின் பார்வை சி-பேண்டில் 2 டிகிரிதான்; ஓரங்களில் செயற்கைக்கோள் வெளியே போய்விடும். மோட்டார் வைத்துப் பின்தொடர வேண்டும், அல்லது அந்தச் சேனல் வேறு எந்தச் செயற்கைக்கோளில் வருகிறது என்று பார்க்க வேண்டும். பெரிய டிஷ் வாங்கினால் பார்வை இன்னும் குறுகி நிலைமை மோசமாகும்.

தெரு முழுக்கப் போய்விட்டது

பக்கத்து வீடுகளிலும் ஒரே சேவை ஒரே நேரத்தில் போனால் கீழே இறங்கிவிடுங்கள். பெரும்பாலும் சிக்னலை மேலே அனுப்பும் நிலையத்தில் மழை அல்லது கோளாறு. மணி நேரத்துக்குள் சரியாகும். செயற்கைக்கோளே பழுதாவது மிக அரிது. நடந்திருக்கிறது: 2010 ஜூலையில், 93.5 டிகிரியில் இருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத்தகட்டு மின்சாரத்தில் பழுது ஏற்பட்டு, 24 டிரான்ஸ்பாண்டர்களில் 12 நிறுத்தப்பட்டன. தமிழ்நாட்டில் சன் டைரக்ட் சந்தாதாரர்கள் சேனல்களை இழந்தார்கள். அந்தச் சேவை அப்போது 91.5 டிகிரியில் இருந்த மீசாட்-3க்கு மாறியது. மேலே சொன்ன அந்த 2 டிகிரிக்காக வீடுவீடாக டிஷ்ஷைத் திருப்ப வேண்டியிருந்தது. அப்படி ஒரு மாற்றம் வந்தால் சேவை நிறுவனம் அறிவிக்கும். அறிவிப்பில் உள்ள டிகிரியை வைத்து மேலே உள்ள முறையில் திருப்புங்கள். இன்சாட்-4பியை 2022 ஜனவரியில் புவிநிலைப் பாதையைவிடச் சுமார் 340 கி.மீ. உயரத்துக்கு ஏற்றி ஓய்வு கொடுத்தார்கள்.

மார்ச், செப்டம்பரை ஒட்டிய வாரங்களில் நள்ளிரவு அளவில் செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போகும். அதிகபட்சம் 72 நிமிடம். பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்வரை கீழே எதுவும் தெரியாது. இரவில் போன சிக்னலுக்கு இதைக் காரணமாக்க வேண்டாம்.

5ஜி டவர் வந்த பிறகு பெரிய டிஷ்ஷில் படம் இல்லை

இந்தியாவில் 5ஜி 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் ஓடுகிறது. பழைய சி-பேண்ட் எல்என்பி 3400 முதல் 4200 வரை அனைத்தையும் வாங்கும். பக்கத்து டவரின் சிக்னல் செயற்கைக்கோளுடையதைவிடப் பல கோடி மடங்கு பலமானது. எல்என்பியின் பெருக்கி திணறி எல்லாச் சேனலையும் ஒருசேர இழக்கும். அறிகுறி: ஸ்ட்ரெங்த் முன்பைவிட ஏறியிருக்கும், குவாலிட்டி எல்லாவற்றிலும் விழுந்திருக்கும். 3700–4200 வடிகட்டியை எல்என்பிக்கும் அதன் முன்னுள்ள ஊதுகுழலுக்கும் (ஃபீட்ஹார்ன்) நடுவில் பொருத்துங்கள். எல்என்பிக்குப் பிறகு கேபிளில் போடும் வடிகட்டி உதவாது. கெடுதல் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். டவரின் பக்கம் கம்பி வலையோ சுவரோ எழுப்ப முடிந்தால் அதுவும் சில டெசிபெல் தரும்.

செயற்கைக்கோள் இணையத்தில் பிங் 600 மில்லிநொடி

பிங் என்பது தகவல் போய்ப் பதில் வர ஆகும் நேரம். புவிநிலைச் செயற்கைக்கோள் (வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிவது) என்றால் இது பழுதல்ல, தூரம். மேலே போய்க் கீழே வர 0.24 நொடி, பதிலும் அதே வழியில் வர 0.48 நொடி. மோடத்தின் வேலையும் சேர்ந்தால் 550–700. எந்த டிஷ்ஷும் எந்தத் திட்டமும் இதைக் குறைக்காது. 1000ஐத் தாண்டினால்தான் கவனியுங்கள்: மழையில் தரவு தொலைந்து மறுபடி அனுப்பப்படுகிறது, அல்லது நெரிசல்.

இலங்கையில் 2025இல் தொடங்கிய ஸ்டார்லிங்க் போன்ற தாழ்பாதைச் சேவையில் நிலைமை தலைகீழ். சுமார் 550 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 7.6 கி.மீ. வேகத்தில் ஓடும் செயற்கைக்கோள்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அதன் ஆன்டெனாத் தட்டு தாவிப் பிடிக்கிறது. அங்கே பிங் குறைவு. ஆனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓரிரு நொடி அறுபடுகிறது என்றால் வானத்தின் ஒரு மூலையை ஏதோ மறைக்கிறது. டிடிஎச்சுக்கு ஒரே திசையில் இடைவெளி போதும். இதற்கு அகன்ற வானம் வேண்டும். செயலியில் உள்ள தடைப் படத்தைப் பன்னிரண்டு மணி நேரம் சேரவிட்டு, சிவப்பாக வரும் பக்கத்தைப் பாருங்கள். மரத்தை வெட்டுவதற்கு முன் தட்டை ஒன்றிரண்டு மீட்டர் உயர்த்திப் பாருங்கள். தடைக்கு அருகில் நிற்கும் தட்டுக்கு அந்த உயரமே பல டிகிரி வானத்தைத் திறந்துவிடும்.